அத்தியாயம் 14: முப்பத்தொரு விமானங்கள் நின்ற காலை

போன வாரம் என்னை நகரசபைக் கூட்டத்தில் எழுந்து நின்ற நிலையில் விட்டுவிட்டுப் போனேன். உட்காரச் சொல்ல அங்கே யாருக்கும் தோன்றவில்லை. ஆகையால் நானே உட்கார்ந்துகொண்டு மிச்சத்தைச் சொல்கிறேன்.

இதுவரை விட்டுவிட்டுப் படித்தவர்களுக்காக: எங்கள் மரியன்ஃபெல்ட் ஊர் கேன்சஸின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. ஆயிரத்து நூற்று நாற்பது பேர். நகரசபைக்குச் சொந்தமாக ஒரு விமான நிலையம். பயணிகள் விமானம் எதுவும் வராது. வயலுக்கு மருந்தடிப்பவர்கள் வருவார்கள், மாடு வாங்கும் வியாபாரிகள் சொந்தச் சிறு விமானத்தில் வருவார்கள், எப்போதாவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த ஒருவரை ஏற்றிப் போக ஆம்புலன்ஸ் விமானம் வரும். போன வாரக் கணக்குப்படி இறங்கியவை நான்கு விமானங்களும் ஒரு காட்டு வான்கோழியும்.

முப்பத்து மூன்று வருடமாக அதன் நிர்வாகி நான், வெண்டெல் டிராய்லிங். புல் வெட்டுவது, எரிபொருள் ஊற்றுவது, கழிப்பறை கழுவுவது எல்லாம் நான்தான். மார்ச் மாதத்தில் எனக்கு 'சந்தைப்படுத்தல் இயக்குநர்' என்று இன்னொரு பதவியும் கொடுத்தார்கள். அன்றும் கழிப்பறையை நான்தான் கழுவினேன்.

நகரசபை உறுப்பினர் டெல்மர் ஹூபருக்கு அந்த நிலத்தில் ஒரு பால் பண்ணை வர வேண்டும். ஆறாயிரம் பசுக்கள். ஓடுதளத்தை உடைத்துவிடலாமா என்று வருகிற செவ்வாய்க்கிழமை மாலை வாக்கெடுப்பு. அதற்குள் ஒரு கம்பெனியைக் கூட்டிவந்து கையெழுத்து வாங்குகிறேன் என்று நான் எழுந்து நின்று சொன்னது போன வாரம்.

"கூட்டிட்டு வா, வெண்டெல். ஆனா அந்தப் போலீஸ் கார்ல கூட்டிட்டு வராத" என்றார் டெல்மர். சபை சிரித்தது. நானும் சிரித்தேன்.

கம்பெனி நிஜம்தான். மருந்தடிக்கும் விமானங்களின் எஞ்சினைப் பிரித்துப் பழுது பார்ப்பவர்கள். விச்சிட்டாவில் இடம் போதவில்லை. இருபத்திரண்டு வேலையாட்களோடு மேற்கே வரப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பெரிய கொட்டகை வேண்டும். எங்களிடம் இருக்கிற ஒரே பெரிய கொட்டகை கோலெட் பெயரில் குத்தகையில் இருக்கிறது.

கோலெட் என் தம்பி கர்ட்டின் மனைவி. கர்ட் வயலுக்கு மருந்தடிக்கும் விமானி. போன ஜூலையில், தினமும் அடியில் புகுந்து பறக்கும் மின்கம்பியில் மோதிச் செத்தான். அவன் மேல்சட்டை பதினோரு மாதமாக அந்தக் கொட்டகை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் மூன்று முறை போய்க் கேட்டேன். மூன்றாவது முறை, போன ஞாயிற்றுக்கிழமை, "சரி, காலி பண்ணித் தரேன். அவன் பறந்த இடத்துல மாடு மேயறதுக்கு இது எவ்வளவோ மேல்" என்றாள்.

கம்பெனியின் முதலாளியம்மா வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வருவதாகச் செய்தி. இது அந்த வெள்ளிக்கிழமை.

*

எட்டரை மணிக்கு ஜோலின் வந்தாள். கர்ட்டின் ஒரே மகள். நகரசபை அலுவலகத்தில் எழுத்தர். ஒரு வாரப் பயிற்சிக்குச் சலைனா போய்விட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தாள். கையில் என் விளம்பரப் பிரசுரம்.

அதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் பதவியின் முதல் சாதனை அது. வழவழ தாள், நான்கு வண்ணம். அட்டையில் எங்கள் நிலையம், மேலிருந்து எடுத்த படம். திடல் முழுக்க விமானங்கள், மஞ்சளும் வெள்ளையுமாக, வரிசை வரிசையாக. கீழே கொட்டை எழுத்தில் நான் யோசித்து எழுதிய வாசகம்: 'உங்களுக்கும் இங்கே ஓர் இடம் உண்டு.'

"பெரியப்பா, இந்தப் படம் எப்ப எடுத்தது?"

"போன வருஷம்."

"போன வருஷம் எப்ப?"

நான் காபி இயந்திரத்தைத் துடைக்க ஆரம்பித்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"இது அப்பாவோட அடக்கத்துக்கு வந்தவங்க" என்றாள்.

"ஆமா."

"அப்பா சாவுக்கு வந்தவங்கள வச்சு நோட்டீஸ் அடிச்சிருக்கீங்க."

"வேற படம் இல்லம்மா. மத்த படத்துல எல்லாம் ஒரு விமானமும் நானும் நிக்கிறோம். ரெண்டு மூணுல விமானமும் இல்ல."

என் பேச்சுக்கு வழக்கமாகச் சிரிப்பவள் அவள் ஒருத்திதான். அன்று சிரிக்கவில்லை.

"சரி, இந்த அம்புக்குறி எதுக்கு?"

அந்த அம்புக்குறி நான் போட்டதில்லை. மருந்தடிப்பவர்களில் ஒருவர் போய்விட்டால், வருகிறவர்கள் தங்கள் விமானங்களை வரிசையாக நிறுத்தி, நடுவில் ஓர் இடத்தை விட்டுவைப்பார்கள். அது போனவருடைய இடம். ஹேய்ஸ் அச்சகத்தில் வடிவமைத்த பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? 'ஓர் இடம் உண்டு' என்ற என் வாசகத்தைப் படித்தாள், படத்தில் காலி இடம் எங்கே என்று தேடினாள், ஒரு சிவப்பு அம்பைக் கொண்டுவந்து அங்கே நட்டுவிட்டாள். மாதிரியைக் கைப்பேசிக்கு அனுப்பினாள். நான் புல் வெட்டும் வண்டியில் உட்கார்ந்து 'நன்று' என்று பதில் போட்டேன்.

இதை ஜோலினிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

"மேலேர்ந்து எடுத்திருக்கு. யார் எடுத்தா?"

"நான்தான்."

"அன்னிக்கு நீங்க விமானத்த எல்லாம் நிறுத்தி வச்சுக்கிட்டு இருந்தீங்கன்னு சொன்னாங்க."

"நடுவுல ஒரு நிமிஷம் மேல ஏறினேன்" என்றேன். "இப்ப அது முக்கியமா? உங்கம்மா கண்ணுல இது படக்கூடாது."

"இன்னும் பாக்கலையா?"

"பாத்திருந்தா நான் உயிரோட காபி இயந்திரம் துடைப்பேனா?"

"எங்கெல்லாம் வச்சீங்க?"

"காபிக் கடை, தானியக் கிடங்கு, வங்கி, தீவனக் கடை." புதன்கிழமை நானே ஊர்வலம் மாதிரி சுற்றிவந்து வைத்தேன். அன்று எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

"அவ்வளவுதானா?"

"மாதா கோயில் வாசல்ல ஒரு இருபது."

ஜோலின் நாட்காட்டியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஜூன் மாதத்து முதல் வெள்ளி. முதல் வெள்ளி ஏழு மணிப் பூசையைக் கோலெட் கல்யாணம் ஆன நாளிலிருந்து தவறவிட்டதில்லை.

"அவ பக்க வாசல் வழியாத்தான் போவா" என்றேன்.

"பக்க வாசல் கதவு ஈஸ்டர்லேர்ந்து பூட்டியிருக்கு, பெரியப்பா."

விருந்தாளிக் காரின் சாவி எப்போதும் காரிலேயே இருக்கும். ஷெரிஃப் அலுவலகம் கழித்துக்கட்டிய போலீஸ் கார் அது. வந்திறங்கும் விமானிகள் ஊருக்குள் போய்ச் சாப்பிட்டு வர எடுத்துக்கொள்ளலாம். பின்கதவுகள் உள்ளிருந்து திறக்காது. இரண்டு வருடம் முன்பு இடம் பார்க்க வந்த ஒரு கனவானைப் பின்சீட்டில் வைத்துவிட்டு ஒரு தொலைபேசி அழைப்பை எடுக்கப் போனேன். இருபது நிமிடம் ஆகிவிட்டது. அவர் கம்பெனி இப்போது நெப்ராஸ்காவில் நன்றாக நடக்கிறது.

ஜோலின் அந்தக் காரில் ஏறி, எல்லா இடத்திலும் வாரிக்கொண்டு வரக் கிளம்பினாள். எனக்குப் பக்கத்துச் சீட்டில் ஏற வேண்டும் போலிருந்தது. அவள் கதவைத் திறந்துவிடவில்லை.

*

கோலெட் பூசை முடிந்து நேராகக் கொட்டகைக்கு வந்திருந்தாள். ஒன்பது மணிக்கு எட்டிப் பார்த்தேன். முந்தின நாளே கூட்டிய தரையை மறுபடி கூட்டிக்கொண்டிருந்தாள். வேலை மேசை போய்விட்டது. போன ஜூலையில் நின்றுபோன நாட்காட்டி போய்விட்டது. ஆணி மட்டும் இருந்தது.

"பூசை எப்படி?" என்றேன்.

"எப்பவும் போலத்தான்."

"பாதர் ஏதாவது சொன்னாரா?"

"ஆண்டவர் உங்களோடு இருப்பாராகன்னு சொன்னாரு. நீ ஏன் வேர்த்துப் போயி நிக்கற?"

"வெயில்."

"வெண்டெல், மணி ஒம்பது" என்றாள். நானும் அவளும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். என் தம்பியைக் கட்டிய பிறகும் என்னை அவள் வகுப்புப் பையனாகத்தான் நடத்துவாள். "பியராக் சுட்டு வச்சிருக்கேன். வரவங்களுக்குப் பதினோரு மணிக்குக் கொண்டுவரேன்."

இறைச்சியும் முட்டைக்கோசும் வைத்து அடைத்த அந்த ரொட்டியை அவள் கர்ட்டின் அடக்கத்துக்குப் பிறகு செய்ததில்லை. எனக்கு மனசு லேசானது. பார்க்கவில்லை, பார்த்திருந்தால் சுட்டிருக்க மாட்டாள் என்று கணக்குப் போட்டேன். கணக்கில் நான் எப்போதும் மட்டம். பள்ளியில் அவளைப் பார்த்துத்தான் எழுதுவேன்.

*

பதினோரு மணிக்கு வர வேண்டியவர் பத்தேகாலுக்கு வந்துவிட்டார். வானொலியில் ஒரு பெண் குரல், அவசரமில்லாமல், இறங்கப்போவதாகச் சொன்னது. பிறகு ஒரு நீல வெள்ளை விமானம் ஓடுதளத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. இங்ரிட் ஹால்வர்சன். ஐம்பது வயதிருக்கும். தானே ஓட்டி வந்திருந்தார். இறங்கியதும் கை குலுக்கவில்லை. முதலில் ஓடுதளத்தில் மண்டியிட்டு ஒரு விரிசலில் விரலை விட்டுப் பார்த்தார்.

"எப்ப போட்டது?"

"பதினாறு வருஷம். வருஷா வருஷம் நானே தார் ஊத்தி அடைக்கிறேன்."

"நல்லா அடைச்சிருக்கீங்க" என்றார். முப்பத்து மூன்று வருடத்தில் என் தாருக்குக் கிடைத்த முதல் பாராட்டு.

"விருந்தாளிக் கார் உண்டுன்னு நோட்டீஸ்ல போட்டிருக்கே, ஊரைச் சுத்திப் பாக்கலாமா?"

"அது ஒரு வேலையா வெளிய போயிருக்கு."

"என்ன வேலை?"

"நோட்டீஸ் வேலைதான்" என்றேன்.

கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். கோலெட் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தாள். இங்ரிட் கூரையைப் பார்த்தார், கதவை உருட்டிப் பார்த்தார், தரையில் எண்ணெய்க் கறை இல்லாததைப் பார்த்தார். கடைசியில் ஆணியைப் பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி யார் இருந்தாங்க?"

"என் வீட்டுக்காரர்" என்றாள் கோலெட். "மருந்தடிச்சுக்கிட்டிருந்தாரு."

"இப்ப?"

"இப்ப இல்ல."

இங்ரிட் தலையை மட்டும் அசைத்தார். "தரை ரொம்ப சுத்தமா வச்சிருக்கீங்க" என்றார். கோலெட், "ரொட்டி எடுத்துட்டு வரேன்" என்று தன் வண்டிக்குப் போனாள்.

அலுவலகத்தில் காபி ஊற்றிக் கொடுத்தேன். வேலை நடந்துகொண்டிருப்பதாகவே எனக்குப் பட்டது. எரிபொருள் தொட்டி, மின்சாரம், பள்ளிக்கூடம், வேலையாட்களுக்கு வீடு எல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் உண்மையே சொன்னேன். உண்மை சொல்லும்போது எனக்கு ஒரு உற்சாகம் வந்துவிடும். அந்த உற்சாகத்தில்தான் நான் வழுக்குவது.

அவர் தோல்பையிலிருந்து பிரசுரத்தை எடுத்து மேசையில் வைத்தார். நான் தபாலில் அனுப்பியதுதான். அப்படித் தபாலில் போன அறுபதை ஜோலினால் எந்தக் காரிலும் போய் வார முடியாது.

"இது என்ன நாள்?" என்றார்.

ஒரு மூச்சு விட நேரம் இருந்தது. அதில் டெல்மர் ஹூபரின் சிரிப்பு ஞாபகம் வந்தது. ஆறாயிரம் பசு ஞாபகம் வந்தது.

"எங்க வருஷாந்திர விழா" என்றேன். "சுத்துவட்டாரத்து விமானிங்க எல்லாம் வருவாங்க. காலையில அப்பம், மத்தியானம் விருந்து."

"முப்பத்தோரு பேரு."

"எண்ணிட்டீங்களா? ஆமா. நல்ல கூட்டம்."

"மக்காச்சோளம் பூத்திருக்கு" என்றார் அவர், படத்தின் மேல் ஓரத்தைக் காட்டி. "அப்ப ஜூலை பாதி."

"ஜூலைதான்."

"ஜூலையிலயா விழா வைக்கிறீங்க?"

"வெயில் நல்லா இருக்கும்."

வாசலில் சத்தமே இல்லை. ஆனால் ரொட்டி வாசனை வந்தது. திரும்பினேன். கோலெட் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

உள்ளே வந்து தட்டை மேசையில் வைத்தாள், பிரசுரத்துக்குப் பக்கத்தில். துணியை விலக்கினாள். இங்ரிட்டுக்கு ஒன்று எடுத்துக் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை.

"நீங்களும் அந்த விழாவுக்கு வந்திருந்தீங்களா?" இங்ரிட் கேட்டார்.

"வந்திருந்தேன். முப்பத்தோரு பேருக்கும் இதே ரொட்டிதான்."

"அடுத்தது எப்பன்னு தெரிஞ்சா எங்க ஆளுங்களையும் கூட்டிட்டு வரலாம்."

கோலெட் என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அடுத்தது யாரோடதுன்னு தெரிஞ்சாத்தானே தேதி சொல்ல முடியும்" என்றாள்.

சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பேட்டரி மாற்றியதும் நான்தான்.

இங்ரிட் ரொட்டியைத் தட்டில் திரும்ப வைக்கவில்லை. கையில் பிடித்தபடி, கோலெட்டைப் பார்த்துத்தான் பேசினார். "மன்னிக்கணும். எனக்குத் தெரியும். இதுல நிக்கிற பதினோரு விமானத்தோட எஞ்சின் எங்க கையில வந்தது. எங்க ஆளுங்க ரெண்டு பேரு அன்னிக்கு இங்க வந்திருந்தாங்க. அவங்க வராம இருந்தாலும் தெரிஞ்சிருக்கும். சோளம் பூக்குற பத்து நாள்தான் மருந்தடிக்கறவங்களுக்கு வருஷத்துச் சம்பாத்தியமே. காத்தில்லாத ஜூலைக் காலையில எவனும் தரையில நிக்கமாட்டான். ஒரே ஒரு காரணத்துக்குத்தான் நிப்பான்."

"அப்புறம் ஏன் கேட்டீங்க?" என்றேன்.

"நீங்க என்ன சொல்வீங்கன்னு பாக்க" என்றார். "கட்டடம் பிடிச்சிருக்கு. ஓடுதளம் பிடிச்சிருக்கு. உங்க தார் வேலையும் பிடிச்சிருக்கு. ஆனா எங்க தொழில்ல ஒருத்தன், இந்தத் திருகாணிய முடுக்கிட்டேன்னு பொய் சொன்னா, நாலு நாள் கழிச்சு எங்கயோ ஒருத்தன் வயல்ல விழுவான். அதனால கேட்டுப் பாக்கறது பழக்கம்."

தன் அட்டையை எடுத்தார். என்னிடம் நீட்டவில்லை.

"கொட்டகை உங்க பேர்லதானே இருக்கு?" என்று கோலெட்டைக் கேட்டார். "இங்க நாங்க வரலாமா வேண்டாமான்னு நீங்க சொல்லுங்க. செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரைக்கும் காத்திருக்கேன். நீங்க கூப்பிட்டா அன்னிக்கே கடிதம் வரும். இவர் கூப்பிட்டா நான் எடுக்கமாட்டேன்."

வாசல் வரை போனவர் திரும்பி வந்து இன்னொரு ரொட்டியை எடுத்துத் தாளில் சுற்றிக்கொண்டார். "போற வழிக்கு" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு.

*

அந்த நீல வெள்ளை விமானம் கிழக்கே சிறுத்துப் புள்ளியாகும்வரை நாங்கள் இருவரும் திடலில் நின்றோம். கோதுமை பழுக்க ஆரம்பித்திருந்தது. காற்றே இல்லை.

ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். பழக்க தோஷம். "ரொட்டி அருமை, எனக்குத்தான் கிடைக்கல" என்பதுவரை வாயில் வந்துவிட்டது. நல்ல வேளை, அதற்குள் கோலெட் தன் மேலங்கிப் பையில் கை விட்டாள்.

நான்காக மடித்த பிரசுரம். என்னுடையதுதான்.

"ஏழு மணிப் பூசையில எடுத்தேன்" என்றாள்.

"கோலெட்..."

"வாசல்லயே வச்சிருந்த. பாடல் தாள்னு நெனச்சு எடுத்தேன். பூசை முழுக்க இதுதான் கையில இருந்துச்சு."

"பாத்துட்டுமா வந்து தரையக் கூட்டின?"

"கூட்டித் தரேன்னு சொல்லியிருந்தேன்ல." பிரசுரத்தை விரித்தாள். "அந்தம்மா கேட்டா நீ உண்மையச் சொல்லுவேன்னு நெனச்சேன். அவ்வளவு தூரம் போகமாட்டான், வெண்டெல் கோமாளிதான், அயோக்கியன் இல்லன்னு நெனச்சேன்."

அவள் படத்தை என் பக்கம் திருப்பினாள்.

"எங்கேர்ந்து எடுத்த?"

நான் கையை நீட்டினேன். இரவில் விமானங்களுக்கு வழி காட்டும் விளக்குக் கோபுரம். அறுபது அடி இரும்பு ஏணி.

"விமானத்த வரிசையா நிறுத்திக்கிட்டு இருந்தேன்னு சொன்ன. ஒரு வருஷமா அப்படித்தான் நம்பிக்கிட்டு இருக்கேன்."

நான் ஏணியையே பார்த்தேன்.

"இந்தத் திடல்ல பெட்டியத் தூக்க ஆறு பேரு. இடது பக்கம் முதல் ஆளு நீ. அண்ணன்கிறதால. பாதர் ரெண்டு தடவ உன் பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு."

"கேட்டுச்சு" என்றேன்.

"கேட்டுச்சா?"

"மேல நல்லாக் கேக்கும். அன்னிக்குக் காத்தே இல்ல." "அழுதுட்டு இறங்கிடலாம்னுதான் ஏறினேன். கீழ எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கத் தயாரா நிக்கற மாதிரி இருந்துச்சு. நான் எதாவது சொல்லுவேன், கொஞ்சம் லேசா இருக்கும்னு எதிர்பாத்துக்கிட்டு. மேல போனப்புறம் காலு வரல, கோலெட். ஏணியப் பிடிச்சேன், காலு இறங்கல."

"அழப் போனவன் போட்டோ எதுக்கு எடுத்த?"

"தெரியல. முப்பத்தோரு பேரு வேலைய விட்டுட்டு வந்து நிக்கிறாங்க. கர்ட் பாத்தா நம்பமாட்டான். அவனுக்குக் காட்டணும்னு எடுத்தேன்."

அவள் படத்தின் கீழ்மூலையில் கட்டைவிரலை வைத்தாள். அங்கே நகரசபையின் வட்ட முத்திரை இருக்கிறது. ஒரு கோதுமைக் கதிர், ஒரு தேவாலயக் கோபுரம், ஊர் தோன்றிய வருடம்.

"இதுக்குக் கீழ என்ன இருக்கு?"

எனக்குத் தெரியும். வாசகர்களுக்கு இதை இவ்வளவு நேரம் நான் சொல்லவில்லை. ஜோலினுக்கும் சொல்லவில்லை. அச்சகத்துப் பெண் முத்திரையை மேலே வலது பக்கம்தான் வைத்திருந்தாள். அதைக் கீழே கொண்டுவரச் சொன்னது நான்.

"சவ வண்டி" என்றேன்.

"சவ வண்டியும், பெட்டியும், அஞ்சு பேரும். இடது பக்கம் முதல்ல நீல கவுன் போட்டுக்கிட்டு ஒரு பொம்பள. பாதர் மூணாவது தடவ கூப்பிட வாயெடுத்தாரு. ஊருக்கு முன்னாடி உன் பேரு இன்னொரு தடவ வேண்டாம்னு நானே போயிப் பிடிச்சேன்." விரலை எடுக்காமலே கேட்டாள். "முத்திரைய இங்க வைக்கச் சொன்னது நீதானே?"

"நான்தான்."

"அப்ப நீ என்னைப் பாத்திருக்க. மேலேர்ந்து, அன்னிக்கே."

"பாத்தேன்."

அவள் பிரசுரத்தை முன்பிருந்த மடிப்புகளிலேயே மடித்தாள். இங்ரிட்டின் அட்டையை அதற்குள் வைத்தாள். இரண்டையும் பையில் போட்டுக்கொண்டாள். கொட்டகைச் சாவியும் அதே பையில்தான் இருந்தது, நடக்கும்போது சத்தம் கேட்டது.

"கோலெட், செவ்வாய்க்கிழமை..."

"செவ்வாய்க்கிழமை எனக்கும் தெரியும்."

வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள். தட்டு மேசையிலேயே இருந்தது. ஒன்பது ரொட்டிகள். ஒன்றைத் தொடக்கூட எனக்குக் கை வரவில்லை.

அவள் வண்டியின் புழுதி அடங்கும் முன் ஜோலின் போலீஸ் காரில் வந்தாள். முன்சீட்டில் ஓர் அட்டைப்பெட்டி.

"எல்லா எடத்துலேர்ந்தும் எடுத்துட்டேன், பெரியப்பா. மாதா கோயில்ல இருபதுன்னு சொன்னீங்க. பத்தொம்பதுதான் இருக்கு."

"தெரியும்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சாலையைப் பார்த்தாள். எங்கள் ஊரில் மறைக்க மரமோ மேடோ கிடையாது. யார் எங்கே போகிறார்கள் என்பது மூன்று மைல் வரை தெரியும்.

கோலெட்டின் வண்டி நெடுஞ்சாலையை அடைந்து நின்றது. வீட்டுக்குப் போக இடது பக்கம் திரும்ப வேண்டும். வலது பக்கம் திரும்பியது.

"அம்மா எங்க போறாங்க?"

வலது பக்கம் இருப்பவை இரண்டே இரண்டு. ஒரு மைலில் கல்லறைத் தோட்டம், கர்ட் இருக்கிற இடம். அதைத் தாண்டி இன்னொரு மைலில் டெல்மர் ஹூபரின் வீடு.

கல்லறைத் தோட்டத்து இரும்புக் கதவு அருகே அவள் வண்டியின் பிரேக் விளக்கு எரியுமா என்று நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

எரியவில்லை.